பௌர்ணமி பார்த்து டிக்கெட் போடுங்கள்: கோ பங்கனில் இருவருக்கு ஒரு வாரம்

தாய்லாந்து வளைகுடாவில் கோ சமுயிக்கு வடக்கே, கோ தாவுக்குத் தெற்கே, சுமார் 125 சதுர கிலோமீட்டரில் கிடக்கும் தீவு கோ பங்கன். மாதம் ஒரு இரவு அதன் தென்கிழக்கு மூலையில் உள்ள ஒரே ஒரு கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் விடிய விடிய ஆடுகிறார்கள். மற்ற நாட்களில், மற்ற கரைகளில், தென்னையில் கட்டிய ஊஞ்சலும் நிழலில் தூங்கும் நாயும்தான். ஜோடியாகப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆட்டம் என்று போனவர்கள் ஏழு இரவும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தூக்கம் கெடுகிறார்கள். அமைதி என்று போனவர்கள் தெரியாமல் பௌர்ணமி வாரத்தில் இறங்கி, கூட்டத்தில் சிக்கி, இரட்டை வாடகை கொடுக்கிறார்கள்.

எங்கள் யோசனை எளிது. வாரத்தை இரண்டாக வெட்டுங்கள். முதல் மூன்று இரவு தெற்கே, பார்ட்டிக்கு. பிறகு நான்கு இரவு வடக்கே, உங்களுக்கு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். காரணம் போகப் போகத் தெரியும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தாய் மொழியில் 'கோ' என்றால் தீவு, 'ஹாட்' என்றால் கடற்கரை, 'பான்' என்றால் ஊர். 'பங்கன்' என்பதை அவர்கள் 'ப-ஙன்' என்றுதான் சொல்வார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து வாய் தடுமாறும் இந்த ஒலி தமிழ் படித்தவருக்குப் பிரச்சினையே இல்லை. சும்மா கிடக்கும் நம் 'ங' இங்கே பயன்படும்.

முதல் படி: தேதி

விமானக் கட்டணத்தைப் பார்த்து தேதி முடிவு செய்யாதீர்கள். முதலில் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். இந்தத் தீவின் அட்டவணையே சந்திரன்தான். பௌர்ணமிக்கு ஹாட் ரின் கடற்கரையில் ஃபுல் மூன் பார்ட்டி. அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னும் பின்னும், நம் அஷ்டமிக் கணக்கில், பான் தாய் காட்டுக்குள் ஹாஃப் மூன். அமாவாசையை ஒட்டி பான் தாய் கடற்கரையில் பிளாக் மூன். பெரிய கூட்டம் பயமாக இருக்கிறது, ஆனால் ஒரு இரவாவது ஆட வேண்டும் என்பவர்களுக்கு ஹாஃப் மூன் பொருந்தும். மேடை, விளக்கு, நுழைவுச்சீட்டு எல்லாம் ஒழுங்காக இருக்கும். கடல் பக்கத்தில் இல்லை என்பதே ஒரு பாதுகாப்பு.

திதியை மட்டும் நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். தாய்லாந்தின் மூன்று முக்கியப் பௌத்தப் புனித நாட்களும் பௌர்ணமியில்தான் வருகின்றன: பிப்ரவரி, மார்ச் வாக்கில் மாக பூச்சா, மே, ஜூன் வாக்கில் விசாக பூச்சா, ஜூலை வாக்கில் ஆசாள்ஹ பூச்சா. மாகம், வைசாகம், ஆஷாடம் என்று மாதப் பெயர்கள் அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். இந்த நாட்களில் பார்ட்டி நடக்காது. அடுத்த நாளுக்கோ அதற்கும் பிறகோ தள்ளிவைப்பார்கள். ஆகவே அந்த ஆண்டின் பார்ட்டி தேதிப் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பருவம் விஷயத்தில் இணையத்தில் குழப்பம் அதிகம். புக்கெட்டுக்கு எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வருகிறார்கள். புக்கெட் இருப்பது மேற்கே, அந்தமான் கடலில். அங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. கோ பங்கன் கிழக்குப் பக்கம். இங்கே பெருமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை, நவம்பரில் உச்சம். சென்னைக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். நம் ஊரில் பள்ளிக்கு விடுமுறை விடும் வாரங்களில் இங்கே படகு நிறுத்தப்படலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி, மார்ச் சிறந்தவை. ஏப்ரலில் வெயில் கொளுத்தும். ஜூலை, ஆகஸ்ட் நல்ல வானிலைதான், ஆனால் ஐரோப்பியர் விடுமுறை என்பதால் வாடகை கூடும். ஆண்டிறுதிப் பார்ட்டி, கூட்டத்தில் எல்லாவற்றையும் மிஞ்சும். முதல் பயணத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இரண்டாவது படி: போய்ச் சேருவது

தீவில் விமான நிலையம் கிடையாது. சென்னையிலிருந்து பாங்காக் நேரடி விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அதன் பிறகு மூன்று வழி.

பணம் அதிகம், அலைச்சல் குறைவு: பாங்காக்கின் சுவர்ணபூமி நிலையத்திலிருந்து சமுயிக்கு விமானம். சமுயி விமான நிலையம் 1989-இல் பாங்காக் ஏர்வேஸ் கட்டியது, இன்றும் அவர்களுடையது. கட்டணம் இறங்காததன் ரகசியம் அதுதான். சமுயியின் மே நாம், பாங் ரக் துறைகளிலிருந்து அரை மணி நேரத்தில் கோ பங்கனின் முக்கியத் துறையான தோங் சாலா வந்துவிடும். பாங் ரக்கிலிருந்து ஹாட் ரினுக்கே நேராகப் போகும் சிறு படகும் உண்டு, ஏறக்குறைய 50 நிமிடம். வழக்கமான கடைசிப் படகு மாலையோடு சரி. எனவே சமுயியில் பிற்பகல் மூன்று மணிக்குள் இறங்கும் விமானமாகப் பாருங்கள்.

நடுத்தரம்: பாங்காக்கின் பழைய நிலையமான டோன் முவாங்கிலிருந்து நிலப்பகுதி நகரமான சூரத் தானிக்கு மலிவு விமானம், அங்கிருந்து பேருந்து, டோன் சாக் துறையிலிருந்து படகு. பேருந்தும் படகும் சேர்ந்த ஒரே சீட்டாக வாங்குங்கள். பேருந்து தாமதமானால் அடுத்த படகில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பாகிவிடும். கார் ஏற்றும் பெரிய கப்பல் இரண்டரை மணி நேரம் ஓடும். மெதுவானது, ஆனால் அலையில் ஆட்டம் குறைவு. பயணத்தில் வாந்தி வருபவர் உங்கள் இருவரில் ஒருவர் என்றால், வேகமான கட்டமரான் படகை விட இதுவே மேல்.

மூன்றாவது, எங்களுக்குப் பிடித்தது, இரவு ரயில். பாங்காக்கில் மாலை ஏறி, இருவருக்கான முதல் வகுப்புத் தடுப்பறையில் படுத்து, சும்போனிலோ சூரத் தானியிலோ இறங்கிப் படகு பிடிப்பது. ஒரு இரவு ஓட்டல் வாடகை மிச்சம். இறங்கும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள். வண்டி உங்களுக்காக நிற்காது.

பெரும்பாலும் சொதப்புவது பாங்காக்கில்தான். சர்வதேச விமானம் ஒரு நிலையத்தில் இறங்க, உள்நாட்டு விமானம் இன்னொன்றில் கிளம்பும். இரண்டுக்கும் நடுவே நகரத்தின் போக்குவரத்து. நடுவில் ஐந்து மணி நேரம் விடாமல் டிக்கெட் போடாதீர்கள்.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில், இலவசமாக. பணம் கேட்கும் தளம் என்றால் அது தரகர் தளம். இந்தியர்களுக்கான விசா விதி அடிக்கடி மாறுவதால், கிளம்பும் வாரத்தில் தூதரகத் தளத்தை ஒருமுறை பாருங்கள். மின்-சிகரெட்டைப் பெட்டியில் வைக்காதீர்கள். அந்த நாட்டில் அது சட்டவிரோதம். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, இரண்டு முள் போதும்.

மூன்றாவது படி: அறை

ஹாட் ரின் ஒரு சிறு மூக்கு போல கடலுக்குள் நீண்ட நிலம். கிழக்குக் கரை ஹாட் ரின் நோக், பார்ட்டி அங்கேதான். மேற்குக் கரை ஹாட் ரின் நாய். இரண்டுக்கும் நடுவே ஐந்து, பத்து நிமிட நடை. பார்ட்டி வாரத்தில் நோக் கரையில் அறை எடுத்தால் கட்டில் கூட ஸ்பீக்கரின் பாஸ் ஒலிக்கு அதிரும். இருபது நிமிடம் வண்டியில் போக வேண்டிய பான் தாயில் எடுத்தால் அமைதி. ஆனால் இருவரில் ஒருவருக்கு நள்ளிரவு ஒரு மணிக்கே கண் சொக்கினால் இருவரும் திரும்ப வேண்டும், அல்லது ஒருவர் தனியாக வண்டி பிடிக்க வேண்டும். பல ஜோடிகளின் சண்டை அங்கேதான் ஆரம்பம். ஆகவே ஹாட் ரின் நாய் கரையில், அல்லது அதைத் தாண்டிய லீலா கடற்கரைப் பக்கத்தில், நடந்தே திரும்பக்கூடிய தூரத்தில் எடுங்கள்.

எத்தனை இரவு? பார்ட்டிக்கு முந்தைய இரவு, பார்ட்டி இரவு, அதற்கு மறுநாள் இரவு. மூன்றாவது இரவைத்தான் எல்லோரும் சிக்கனம் பார்த்து விடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு மணலும் உடலில் பூசிய சாயமுமாக வந்து படுத்தவரை பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்? மேலும் இந்த வாரத்தில் பல விடுதிகள் குறைந்தது மூன்று முதல் ஐந்து இரவு எடுத்தால்தான் அறை தருவார்கள். ஐந்து என்று அடம்பிடிப்பவரை விடுங்கள்; இரண்டு மாதம் முன்பே தேடினால் மூன்றுக்குக் கிடைக்கும்.

ஒரு ஆறுதல்: திருமணச் சான்றிதழ், ஒரே முகவரி என்றெல்லாம் இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். இருவர் பாஸ்போர்ட்டும் காட்டினால் சாவி.

அறையில் பார்க்க வேண்டியது பாதுகாப்புப் பெட்டி. பார்ட்டி இரவில் ஹாட் ரினில் எல்லா அறையும் காலி என்பது திருடனுக்கும் தெரியும். பெட்டி இல்லையென்றால் வரவேற்பறை லாக்கரில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அடுத்த நான்கு இரவுக்கு வடக்கு. நீச்சல் முக்கியம் என்றால் தோங் நாய் பான்: அடுத்தடுத்து இரண்டு வளைகுடா, ஆழமான தண்ணீர். சூரிய அஸ்தமனமும் பவளப்பாறையும் வேண்டுமென்றால் வடமேற்கில் ஹாட் யாவோ, ஹாட் சலாட், மே ஹாட். யோகா, சைவ உணவகம், காலையில் காபியோடு புத்தகம் என்றால் ஸ்ரீ தனு. தெற்குக் கரையில் பான் தாய், பான் காய் விளம்பரப் படங்களில் அழகாக இருக்கும். ஆனால் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை பகலில் நீர் உள்வாங்கி, நூறு மீட்டர் நடந்தாலும் முழங்கால் நனையாது. படம் எடுத்த மாதத்தை யாரும் சொல்வதில்லை.

ஸ்கூட்டர் எடுப்பதா?

தீவில் கையிலும் காலிலும் கட்டுப் போட்டுத் திரிபவர்களில் பெரும்பாலோர் பார்ட்டியில் விழுந்தவர்கள் அல்ல, ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர்கள். பான் காயிலிருந்து ஹாட் ரின் போகும் சாலை மலை ஏறி இறங்கும் கான்கிரீட் சரிவு. வளைவில் மணல் படிந்திருக்கும். இடப்பக்கப் போக்குவரத்துதான், நம் ஊர் போலவே. அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

இருசக்கர ஓட்டுநர் உரிமமும், ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் அபராதம் சின்ன விஷயம். விபத்து நடந்தால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும் என்பதுதான் பெரிய விஷயம். இரண்டும் இருந்தால் வடக்கே போன பிறகு எடுங்கள், தெற்கில் வேண்டாம். 125 சிசி ஒரு நாளைக்கு 200 முதல் 300 பாட் (தாய்லாந்து நாணயம்). எடுக்கும்போது வண்டியைச் சுற்றி, அடிப்பக்கம் உட்பட, கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். பழைய கீறலுக்குப் பணம் கேட்பது இங்கே தனித் தொழில். பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்டால் நகலும் முன்பணமும் கொடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக விட்டுவிட்டு முன் பிரேக்கை அழுத்துவதே வழக்கமான விழுகை. பின் பிரேக்கில் தொடங்கி, விட்டு விட்டுப் பிடியுங்கள். இருவரும் முதுகுப்பையுமாகச் செங்குத்தில் ஏறும்போது வண்டி திணறினால், பின்னால் இருப்பவர் இறங்கி நடக்கட்டும்.

ஓட்ட வராதவர்களுக்கு சோங்தேவ் இருக்கிறது: பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி. தோங் சாலாவிலிருந்து ஹாட் ரினுக்குத் தலைக்கு 100 முதல் 150 பாட், பார்ட்டி இரவில் கூடும். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். வடக்குக் கரைகளுக்கு ஆள் சேராது. இருவருக்காக மட்டும் போகச் சொன்னால் பல மடங்கு.

அந்த இரவு

பார்ட்டியின் தொடக்கம் 1980-களில், ஹாட் ரினின் தென்கோடியில் இருந்த பாரடைஸ் பங்களாவில் சிலர் கூடிக் கொண்டாடியது என்பார்கள். ஏன் இந்தக் கரை? இது கிழக்கு பார்த்தது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில்தான் நிலா உதிக்கும். ஆறு, ஆறரை மணிக்கு நோக் கரையில் நின்றால் கடலுக்குள்ளிருந்து செம்பழுப்பாக நிலா எழுவதைப் பார்க்கலாம். ஒன்பது மணிக்கு மேல் வருபவர்கள், அதாவது வருபவர்களில் முக்கால்வாசிப் பேர், இதைத் தவறவிடுகிறார்கள். நள்ளிரவில் தலைக்கு நேர் மேலே இருக்கும் நிலாவை விளக்கு வெளிச்சத்தில் யாரும் பார்ப்பதில்லை. பார்ட்டி ஒரு நாள் தள்ளிப்போயிருந்தால் நிலவும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி உதிக்கும்.

ஆகவே நேரக் கணக்கு இப்படி. பகல் இரண்டு முதல் ஐந்து வரை தூங்குங்கள். ஆறு மணிக்குக் கரைக்குப் போய் நிலா பாருங்கள். அப்படியே வெளிச்சத்தில் கரையின் இரு முனையும் நடந்து, சந்திப்பு இடத்தை முடிவு செய்யுங்கள். எட்டு மணிக்கு வயிறு நிறையச் சோறு. பத்து மணிக்கு உள்ளே. நுழைவுக்குக் கைப்பட்டி வாங்க வேண்டும், 200 பாட் அளவில். உச்சக் கூட்டம் பன்னிரண்டு முதல் மூன்று வரை. இரண்டு மணிக்குக் கிளம்புவது, அல்லது சூரிய உதயம் வரை இருப்பது, இரண்டில் ஒன்று. நான்கு மணிக்குக் கிளம்பினால் எதுவும் கிடைக்காது, வண்டி உட்பட.

உடுப்பு: மூடிய காலணி. செருப்பு வேண்டவே வேண்டாம். மணலுக்குள் உடைந்த பாட்டில் சில்லு காத்திருக்கும், கூட்டத்தில் மிதிபட்டுச் செருப்பும் அறுந்துவிடும். போன் நீர்புகாப் பையில், கழுத்தில். பாஸ்போர்ட் அறையில், நகல் பையில். பணம் 2,000 பாட், இருவரிடமும் பாதிப் பாதி, அதில் கழிப்பறைக்கென 20 பாட் நோட்டுகள் சில. கழிப்பறைக்குக் காசு கொடுங்கள். கொடுக்காதவர்கள் எங்கே போகிறார்கள் என்பது கடலோரம் நின்றால் தெரியும்.

இனி வாளி. குழந்தைகள் மணல் அள்ளும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் வாளியேதான். கடைக்காரர் முன்னால் அலமாரியில் வரிசையாக அடுக்கியிருப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு தட்டையான 300 மில்லி ரம் பாட்டில், ஒரு கோலா, 150 மில்லி ஊக்கபானக் குப்பி. பணம் கொடுத்ததும் மூன்றையும் ஐஸ் மேல் கவிழ்த்து நாலு உறிஞ்சுகுழல் சொருகித் தருவார். கணக்குப் பாருங்கள்: 300 மில்லி என்பது நம் ஊர் குவார்ட்டர் ஒன்றரைக்கும் மேல், சிறிய பெக் கணக்கில் பத்து. தனியாளுக்கு ஒன்று என்பது தற்கொலைக்குச் சமம். இருவருக்கு ஒன்று, அதுவும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நீட்டி, போதும். இனிப்பும் கஃபீனும் போதையை மறைத்துவிடும். கால் தள்ளாடும்வரை 'ஒன்றுமே ஆகவில்லையே' என்றுதான் தோன்றும்.

மூடி உங்கள் கண்முன் திறக்கப்பட வேண்டும். ஏற்கெனவே கலந்து வைத்ததையும், வழக்கத்துக்கு மீறி மலிவானதையும், இலவச ஷாட்டையும் தொடாதீர்கள். 2024 நவம்பரில் பக்கத்து நாடான லாவோஸின் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் சுற்றுலாப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். பார்வை மங்குவது, வாந்தியோடு மூச்சு வாங்குவது ஆகியவை வெறும் போதை அல்ல, உடனே மருத்துவமனை. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆடப் போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள்.

தீக்கயிறு தாண்டுவதைப் பார்க்காமல் வர முடியாது. மண்ணெண்ணெயில் ஊறிய நீளக் கயிற்றைக் கொளுத்தி இருவர் சுழற்ற, குடித்தவர்கள் உள்ளே குதிப்பார்கள். கயிறு காலில் தட்டினால் நின்றுவிடாது, சுழற்றிய வேகத்தில் கெண்டைக்காலைச் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் காயம் ஒரு கோடாக இல்லாமல் வளையமாக இருக்கும். ஐந்து மீட்டர் தள்ளி, காற்று வரும் பக்கம் நின்று பாருங்கள். யாருக்காவது பட்டுவிட்டால் பாட்டில் குடிநீரை இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடல்நீர், ஐஸ், பற்பசை மூன்றும் கூடாது.

கடலில் இறங்காதீர்கள். போதை, இருட்டு, உள்ளிழுக்கும் நீரோட்டம் என மூன்று காரணம் போதாதென்றால் நான்காவது பெட்டி ஜெல்லிமீன். 2015 ஜூலையில் இதே ஹாட் ரினில் இரவு நீந்திய பெண் ஒருவர் அதனால் இறந்தார். மழை தொடங்கும் மாதங்களில் ஆபத்து கூடும். கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் மாட்டியிருப்பார்கள். கொட்டினால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், வினிகரை அரை நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும்.

போதைப்பொருள் விற்பவர் காதருகே வந்து கிசுகிசுப்பார். காளான் ஷேக் என்று பலகையே வைத்திருப்பார்கள். வாங்குபவரைப் பிடிக்க சாதாரண உடையில் போலீஸ் நிற்கும். ஹாட் ரின் சாலையில் சோதனைச் சாவடியும் உண்டு. கஞ்சா 2022-இல் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது உண்மை; 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று மறுபடி இறுக்கிவிட்டார்கள். பழைய வீடியோவை நம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இருவருக்கும் நடுவே ஒப்பந்தம் அறையிலேயே, தெளிவாக இருக்கும்போதே முடிய வேண்டும். ஒன்று, தொலைந்தால் எங்கே: கடற்கரையில் அல்ல, அதற்குப் பின்னால் தெருவில் வெளிச்சமான ஒரு கடை வாசல். கூட்டத்தில் போன் சிக்னல் படுத்துவிடும், எனவே 'கூப்பிட்டுக்கொள்ளலாம்' என்பது திட்டமே இல்லை. இரண்டு, தவறினால் ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் அங்கே பத்து நிமிடம் நிற்பது. மூன்று, ஒருவர் 'போதும்' என்றால் இருவரும் கிளம்புவது. 'இப்போதுதானே வந்தோம்' என்ற பேச்சு மறுநாளைக்கு. நான்கு, ஒருவர் அன்று குறைவாகக் குடிப்பது. யார் என்று சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

சமுயியில் தங்கி அன்றிரவு மட்டும் ஸ்பீட்போட்டில் வந்து போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2005 ஜனவரியில் பார்ட்டி முடிந்து சமுயி திரும்பிய படகு, ஏற்ற வேண்டிய அளவை மீறி ஏற்றியதால் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். வரத்தான் வேண்டுமென்றால், உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். இல்லையென்றால் அடுத்த படகு.

அவசரத்துக்கு: சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669. அரசு மருத்துவமனை தோங் சாலா பக்கத்தில். பெரிய காயத்துக்கு சமுயி கொண்டுபோவார்கள். அந்தச் செலவுக்காகத்தான் காப்பீடு.

மறுநாளும் வடக்கும்

பார்ட்டிக்கு மறுநாள் தீவை விட்டுக் கிளம்பாதீர்கள். தோங் சாலா துறையில் அன்று நிற்பது வெயிலில் வாடிய, தூங்காத, வாந்தி மணக்கும் ஒரு வரிசை. நீங்கள் அறையில் தூங்கி, மாலை இளநீர் குடித்து, அடுத்த நாள் காலை வடக்கே போங்கள். அதற்குள் கூட்டம் கரைந்து, வாடகையும் இறங்கியிருக்கும். பார்ட்டி முதலில், அமைதி பிறகு என்று சொன்னது இதனால்தான்.

வடக்கே நாளுக்கு ஒன்றுக்கு மேல் திட்டம் போடாதீர்கள். செய்யத் தகுந்தவை இவை.

ஹாட் குவாட், அதாவது பாட்டில் பீச். மீனவர் ஊரான சலோக்லமிலிருந்து நீள்வால் படகில் இருபது நிமிடம். இருவருக்காக மட்டும் படகு எடுத்தால் விலை கூடும். காலை பத்து மணிக்குத் துறையில் நின்றால் பங்கு போட ஆள் கிடைக்கும். திரும்பும் நேரத்தைப் பேசி முடித்து, பணத்தைத் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். காட்டு வழியாக நடக்கவும் பாதை உண்டு, ஒன்றரை மணி நேரம். இருவருக்கும் சேர்த்து மூன்று லிட்டர் தண்ணீர்.

மே ஹாட்டில் நீர் இறங்கும்போது மணல் திட்டு வழியாகக் கோ மா என்ற குட்டித் தீவுக்கு நடந்தே போகலாம். முகமூடி மாட்டி மீன் பார்க்கத் தீவில் இதைவிடச் சுலபமான இடம் இல்லை. முள்ளெலி போன்ற கடல்முள்ளி உண்டு, ரப்பர் காலணி அணியுங்கள்.

தான் சடெட் ஓடையில் பாறைகளில் தாய் மன்னர்களின் பெயரெழுத்து செதுக்கியிருக்கும். ஐந்தாம் ராமா பத்து முறைக்கு மேல் இங்கே வந்தார். தான் சடெட் என்பதன் பொருளே அரச நீரோடை. மழை முடிந்த ஜனவரியில் தண்ணீர் நன்றாக ஓடும், ஏப்ரலில் குட்டைதான்.

ஆங் தோங் கடல் பூங்கா ஒரு முழுநாள்: 42 தீவுகள், ஒன்றின் நடுவே மரகத நிற உப்பேரி. நவம்பரிலிருந்து டிசம்பர் நடு வரை பொதுவாக மூடியிருக்கும். பவளத்தைக் கெடுக்கும் ரசாயனம் உள்ள சன்ஸ்கிரீனுக்குத் தேசியப் பூங்காக்களில் 2021 முதல் தடை. டைவிங் தெரிந்தவர்களுக்கு ஹின் பாய் பாறை. உள்ளே செங்குத்தான புகைபோக்கி போன்ற துவாரத்தில் இறங்கி வெளியே வரலாம். முந்தைய இரவு குடித்திருந்தால் டைவ் செய்யாதீர்கள். டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம்.

மாலையில் மணலில் படுக்கும்போது கடிப்பது கொசு அல்ல, மணல் ஈ. இரண்டு வாரம் அரிக்கும். காலில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டால் ஒட்டிக்கொண்டு கடிக்காது. நம் ஊரிலிருந்து சின்னப் பாட்டில் கொண்டுபோங்கள்.

சாப்பாடும் பணமும்

சைவர்களுக்கு ஒரு சொல்: 'மங்சவிராட்'. மாம்சமும் விரதியும் சேர்ந்த வடசொல்தான், காதுக்குப் பழகியதே. ஆனால் அதைச் சொன்னாலும் மீன் சாறு விழுந்துவிடும், ஏனென்றால் அவர்களுக்கு அது நமக்கு உப்பு போல. 'மை சாய் நாம் ப்லா', மீன் சாறு போடாதீர்கள், என்று தனியாகச் சொல்ல வேண்டும். 'ஜே' என்ற மஞ்சள் பலகை உள்ள கடையில் முட்டை கூட இருக்காது, பூண்டு வெங்காயமும் இருக்காது. தோங் சாலா இரவுச் சந்தையில் 60 முதல் 120 பாட்டில் ஒரு வேளை முடியும்.

தங்குவதை விட்டுவிட்டு, இருவருக்கும் சாப்பாடு, வண்டி, படகு எல்லாம் சேர்த்து நாளுக்கு 2,000 முதல் 3,000 பாட் வையுங்கள். பார்ட்டி இரவுக்குத் தனியாக 2,000. வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் பிடிக்கும், எனவே சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். பார்ட்டி அன்று மாலை ஹாட் ரின் ஏடிஎம்களில் பணம் தீர்ந்துவிடுவது சாதாரணம். முந்தைய நாளே எடுத்துவிடுங்கள்.

கிளம்பும் நாள்

படகுச் சீட்டை முந்தைய நாள் வாங்கி, வடக்கிலிருந்து தோங் சாலாவுக்கு வண்டியையும் அப்போதே பேசுங்கள். ஸ்கூட்டரைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்து முன்பணத்தை எண்ணி வாங்குங்கள். படகு கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது கீறல் கண்டுபிடிக்கும் கடைகளுக்கு உங்கள் அவசரம்தான் மூலதனம். சமுயி விமானத்துக்கு முன் நான்கு மணி நேரம், சூரத் தானி விமானத்துக்கு முன் ஏழு மணி நேரம் இருக்கும்படி படகு பிடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் மணிக்கணக்கு உதவாது. ஒரு நாள் முன்பே தீவை விட்டு, கடைசி இரவைப் பாங்காக்கில் வையுங்கள். பெட்டியில் சாயம் படிந்த சட்டையைத் தனிப் பையில் கட்டுங்கள். அது மற்ற துணிக்கும் ஒட்டும், துவைத்தாலும் போகாது.